தோற்றவர் மறுபடி நிற்கிறார்: அவரைச் சலித்துப் பார்க்க இருக்கும் தளங்கள் எப்படி?

2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தோல்விப் பட்டியலில் இருந்த ஆ. ராசாவும் தயாநிதி மாறனும் அதே தொகுதிகளிலும், டி.ஆர். பாலுவும் ஜெகத்ரட்சகனும் தொகுதி மாறியும் 2019-ல் நின்று வென்றார்கள். சிதம்பரத்தில் 2014-ல் தோற்ற திருமாவளவன் 2019-ல் 3,219 வாக்கு வித்தியாசத்தில் திரும்பி வந்தார். ஐந்து வருடம் பதவியில் இல்லாத ஒருவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கையில் என்ன தகவல் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு இன்று இலவசமாகக் கிடைக்கும் சேவைகள் மூன்று: தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம் (அதன் கைபேசி வடிவமாக வந்தது கேஒய்சி, அதாவது 'உங்கள் வேட்பாளரை அறியுங்கள்' செயலி), தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏ.டி.ஆர். அமைப்பு நடத்தும் மைநேதா, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும் வாக்குச்சாவடிவாரி முடிவுத் தாளான படிவம் 20. எம்.பி.யாக இருந்து தோற்றவர் என்றால், நாடாளுமன்றச் செயல்பாட்டைப் பதிவு செய்யும் பி.ஆர்.எஸ். தளமும் சேரும். மூன்றையும் இந்த ஒரே வேலைக்கு, அதாவது தோற்றுத் திரும்பி வருபவரை அளக்க, எவ்வளவு பயன்படுத்தலாம் என்று பார்ப்போம். மைநேதா தேறும், ஆணையத்தின் தளம் பாதி தேறும். படிவம் 20 தங்கமான சரக்கு, ஆனால் அதைக் கொடுக்கும் விதம் மோசம்.

ஆணையத்தின் தளம்

தேர்தல், மாநிலம், தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் மனு போட்டவர்கள் படத்தோடு வருவார்கள். ஏற்கப்பட்டது, தள்ளுபடி, வாபஸ், களத்தில் இருப்பவர் என்று பிரித்துப் பார்க்கலாம். ஒருவர் ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம் என்பதால், மொத்தப் பட்டியலில் ஒரே முகம் நான்கு முறை வந்தால் குழம்ப வேண்டாம். "களத்தில் இருப்பவர்" என்று வடிகட்டிவிட்டுத் தேடுவது நல்லது. பெயரை எழுதித் தேடுவதைவிடத் தொகுதி வழியாகப் போவதே மேல். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

கிடைப்பது வேட்பாளரின் பிரமாணப் பத்திரமான படிவம் 26, ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ்நாட்டில் பல பத்திரங்கள் தமிழில் தட்டச்சு செய்து, சில இடங்களில் கையால் நிரப்பி, முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து இருக்கும். உள்ளே சொல் தேட முடியாது. ஆனால் அசல் இதுதான். மற்ற எல்லாத் தளங்களும் இதிலிருந்து எடுத்து எழுதியவை. எண் சந்தேகம் வந்தால் இங்கேதான் திரும்பி வரவேண்டும்.

பெரிய குறை, இந்தத் தளத்துக்கு நினைவாற்றல் இல்லை. இந்தத் தேர்தல் இந்தத் தேர்தல்தான். போன முறை அவரே கொடுத்த பத்திரத்தோடு கோக்கும் வசதி கிடையாது. தோற்றவரை அளக்க வேண்டியவருக்குப் அருகருகே இரண்டு பத்திரங்கள் வேண்டும். பழையதை வேறு இடத்தில் தேடி எடுத்து, இரண்டையும் தனித்தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கேஒய்சி செயலியிலும் இதே கதைதான். குற்ற வழக்கு உண்டா இல்லையா என்று சட்டெனத் தெரிந்துகொள்ள மட்டும் அது வசதி.

எவ்வளவு பின்னால் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. வேட்பாளர்கள் சொத்து, வழக்கு, கல்வி விவரம் கொடுக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2002-லும் 2003-லும் வந்தன. அதனால் நமக்கு 2004 மக்களவை, 2006 சட்டமன்றம் தொடங்கித்தான் ஒழுங்கான பத்திரங்கள். 1967-ல் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் டெல்லிக்கு அனுப்பியபோதோ, 1996-ல் பர்கூரில் தோற்ற ஜெயலலிதாவை 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி தேர்ந்தெடுத்தபோதோ வாக்காளர் கையில் இப்படி ஒரு தாள் இல்லை.

படிவம் 26-ல் எதைப் பார்ப்பது

கடைசியில் இருக்கும் சுருக்கப் பகுதியை (பகுதி ஆ) மட்டும் பார்த்து மொத்தச் சொத்து இத்தனை கோடியிலிருந்து இத்தனை கோடி என்று சொல்லிவிடுவது எல்லாரும் செய்வது. செய்திகளும் அப்படித்தான் வருகின்றன. ரூபாயை ஒப்பிடும் முன் அளவை ஒப்பிட வேண்டும். நகையில் கிராம், நிலத்தில் ஏக்கரும் சென்ட்டும், வண்டியில் பதிவெண். ஐந்து வருடத்தில் தங்கம் ஏறிய வேகத்துக்கு, ஒரு சவரன்கூட வாங்காதவரின் நகை மதிப்பும் எகிறித்தான் தெரியும். கிராம் அப்படியே இருந்து ரூபாய் ஏறியிருந்தால் அது சந்தை விலை. கிராமே கூடியிருந்தால்தான் கேள்வி.

நிலத்துக்குச் சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, பூர்வீகமா சுயமா, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் கேட்கப்படுகிறது. இன்றைய மதிப்பு வேட்பாளர் சொல்வதுதான். ஆணையம் அதைச் சரிபார்ப்பதில்லை. சர்வே எண்ணை எடுத்துப் பதிவுத்துறையின் தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தால் சொன்ன எண் எவ்வளவு கீழே என்று ஓரளவு பிடிபடும். அங்கேயே வில்லங்கச் சான்றையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். போன பத்திரத்தில் இருந்த சர்வே எண் இந்த முறை காணோம் என்றால், விற்றாரா, மகன் பெயருக்குத் தானம் கொடுத்தாரா என்று அதில் தெரியும்.

மகன் என்றதும் ஒரு பொறி. படிவம் கேட்பது வேட்பாளர், வாழ்க்கைத்துணை, கூட்டுக் குடும்பம், சார்ந்து இருப்பவர்கள் ஆகியோரின் சொத்தை மட்டுமே. போன முறை கல்லூரியில் படித்த மகள் இந்த முறை சம்பாதிக்கிறாள் என்றால் அவள் பெயரில் உள்ளவை பத்திரத்திலிருந்து மறைந்துவிடும். குடும்பச் சொத்து குறைந்ததுபோல் தெரிந்தால் முதலில் சார்ந்திருப்போர் பத்தியைப் பாருங்கள்.

தோற்றவருக்கென்றே அமைந்ததுபோல் மூன்று இடங்கள் இந்தப் படிவத்தில் உண்டு. முதலாவது, 2019 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு வந்த ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு. அதற்கு முன் கடைசியாகத் தாக்கல் செய்த ஒரு வருடம் மட்டும் போதும். இப்போது கடைசி ஐந்து வருட மொத்த வருமானம் வரிசையாக வருகிறது. சென்ற தேர்தலில் தோற்றவருக்கு இந்த ஐந்து வரிகள்தான் பதவியில் இல்லாத காலத்தின் வரவுக் கணக்கு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நிலக்கிழாரின் எண் சிறுத்துத் தெரியும்; அதையும் கணக்கில் கொண்டு, வருமானத்துக்கும் புதிதாக வாங்கியதற்கும் பொருந்துகிறதா என்று கூட்டிப் பாருங்கள். வருமான ஆதாரம் என்ன என்ற பத்தி 2018 தீர்ப்புக்குப் பின் வந்தது. "விவசாயம், வியாபாரம்" என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தால் அது பதிலே இல்லை.

இரண்டாவது, அரசுக் குடியிருப்பு பாக்கி. கடைசி 10 வருடத்தில் அரசு கொடுத்த வீட்டில் இருந்தாரா, இருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று உண்டா என்பது. முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி. என்றால் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்தி. மூன்றாவது, அரசோடு ஒப்பந்தங்கள். வேட்பாளர், துணைவர், அவர்கள் கூட்டாளியாக உள்ள நிறுவனங்கள் என்று விரிவாகக் கேட்கிறது. பெரும்பாலும் "இல்லை" என்றே இருக்கும், ஆனால் இல்லை என்று சத்தியம் செய்து எழுதியதும் ஒரு தகவல்தான்.

எந்தப் பத்தியையும் காலியாக விடக்கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுத வேண்டும்; நினைவூட்டிய பிறகும் காலியாக விட்டால் தேர்தல் நடத்தும் அதிகாரி மனுவைத் தள்ளலாம்.

வழக்குகள்: எண்ணிக்கை ஏமாற்றும்

போன பத்திரத்தில் 3 வழக்கு, இந்த முறை 14 என்றால் ஆள் மோசமாகிவிட்டார் என்று படிப்பது அவசரம். எதிர்க்கட்சியில் ஐந்து வருடம் இருந்தவர் சாலை மறியல், ஆர்ப்பாட்டம், தடையை மீறி ஊர்வலம் என்று போயிருந்தால் இ.த.ச. 143, 188, 341 என்று சரம் சரமாக வழக்கு சேர்ந்திருக்கும். அது ஒருவகையில் அவர் வீட்டில் உட்காரவில்லை என்பதற்கான சான்றும்கூட. 420 (ஏமாற்று), 409 (நம்பிக்கை மோசடி), ஊழல் தடுப்புச் சட்டம் 13 என்றிருந்தால் அது வேறு ரகம். ஒன்றே ஒன்று இருந்தாலும் நின்று படிக்க வேண்டும். குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில் என்பது தனிப் பத்தியாக இருக்கும், எஃப்.ஐ.ஆர். நிலையில் தூங்கும் வழக்குக்கும் விசாரணைக்கு வந்துவிட்ட வழக்குக்கும் வித்தியாசம் அங்கேதான். 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சம்பவங்களுக்குப் இ.த.ச.வுக்குப் பதில் வந்த புதிய சட்டத்தின் பிரிவு எண்கள் வருகின்றன, பழைய வழக்குகள் பழைய எண்ணிலேயே தொடரும். ஒரே பத்திரத்தில் இரண்டும் கலந்திருந்தால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

குறைந்திருந்தால்? அங்கேதான் உண்மையான வேலை. ஒரு வழக்கு இரண்டாவது பத்திரத்தில் காணாமல் போக நான்கு வழிகள் உண்டு: விடுதலையானார், உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அரசு வாபஸ் வாங்கியது, அல்லது எழுதவில்லை. நீதிமன்றங்களின் வழக்கு விவரத் தளமான இகோர்ட்ஸில் மாவட்டம், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்தால் வழக்கின் நிலை வரும். ஆட்சி மாறியதும் போராட்ட வழக்குகளை மொத்தமாக வாபஸ் வாங்குவது நம் ஊர் வழக்கம். ஆனால் 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை அரசு வாபஸ் வாங்கக்கூடாது என்றது. முன்னாள் உறுப்பினர் ஒருவரின் வழக்கு அதற்குப் பின் மறைந்திருந்தால் அனுமதி உத்தரவு எங்கே என்று கேட்கலாம்.

வழக்கு உள்ள வேட்பாளருக்கு இன்னொரு தாளும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2020 பிப்ரவரித் தீர்ப்பின்படி, வழக்கு நிலுவையில் உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சி எழுத்தில் சொல்ல வேண்டும். படிவம் சி7. ஒரு உள்ளூர் மொழி நாளிதழ், ஒரு தேசிய நாளிதழ், கட்சியின் இணையதளம், சமூக ஊடகக் கணக்கு ஆகியவற்றில் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வரவேண்டும். ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாக இருக்கக்கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. தோற்றவருக்கு மறுபடி ஏன் சீட் என்பதற்குக் கட்சி கையெழுத்துப் போட்டுச் சொல்லும் ஒரே பதில் இதுதான். வேடிக்கை என்னவென்றால், வழக்கே இல்லாத தோற்றவருக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வரும் பதில்களும் "மக்கள் பணியில் ஈடுபாடு மிக்கவர்" என்று ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைநேதா

ஏ.டி.ஆர். பத்திரங்களைப் படித்து எண்ணாக்கிப் போடுகிறது. வேட்பாளர் பக்கத்தில் அவர் முன்பு நின்ற தேர்தல்களில் அறிவித்த சொத்தும் வழக்கும் ஒரு சிறு அட்டவணையாக வரும். ஆணையம் செய்யாத, பழையதையும் புதியதையும் கோக்கும் வேலையை இது செய்துவிடுகிறது; இந்த ஒன்றுக்காகவே முதலில் இங்கே போகலாம். பிறகு அசல் பிடிஎஃப்.

குறை மூன்று. முன்னெழுத்து மாறினாலோ பெயரோடு ஊர்ப்பெயர் சேர்ந்தாலோ பழைய தேர்தலோடு இணைப்பு விட்டுப்போகும். அட்டவணை காலி என்றால் புதுமுகம் என்று முடிவு கட்டாமல் பழைய தேர்தலின் தொகுதிப் பக்கத்துக்குப் போய் ஒருமுறை பாருங்கள், குறிப்பாகத் தொகுதி மாறியவர்களுக்கு. அடுத்து, மறுபடி போட்டியிடுபவர்களின் சொத்து வளர்ச்சி பற்றி ஏ.டி.ஆர். வெளியிடும் அறிக்கைகளின் கவனம் பதவியில் இருக்கும் உறுப்பினர்கள் மீது. தோற்றவர் அதில் சிக்குவதில்லை. கடைசியாக, அட்டவணை காட்டுவது மொத்த ரூபாய். கிராமும் ஏக்கரும் உள்ளே போனால்தான்.

படிவம் 20

சொத்தும் வழக்கும் ஆளைப் பற்றிச் சொல்லும். ஊர் அவரைப் பற்றி என்ன நினைத்தது என்று சொல்வது வாக்குச்சாவடிவாரியான முடிவுத் தாளான படிவம் 20. எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை, நோட்டா எத்தனை என்று வரி வரியாக வரும், தபால் ஓட்டு கடைசியில் மொத்தமாக.

ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. நிராகரிக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள்தான் சண்டையின் மையம். சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது கேள்வி. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது; எண்ணவும் எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அதே இருவர், அதே தொகுதி. அப்பாவு 5,925 வாக்கில் வென்று பேரவைத் தலைவரானார். இப்படி அதே இருவர் மறுபடி மோதும் தொகுதியில்தான் படிவம் 20 முழுப் பலன் தரும்: எந்த ஊர் மாறியது, எது மாறவில்லை என்று நேரடியாகத் தெரியும். பாலு, ஜெகத்ரட்சகன்போல் தொகுதி மாறி நின்றவர்களுக்குத் தோற்ற தேர்தலின் தாள் உதவாது. ஆனால் அவர்கள் இருவரும் 2009-ல் வென்ற தொகுதிக்கே திரும்பியவர்கள், ஆகவே 2009-ஐயும் 2019-ஐயும் வைத்துப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் போகாதீர்கள்; 2008 மறுவரையறையில் எல்லைகளே மாறிவிட்டன.

இனி எரிச்சல். பல தாள்கள் ஸ்கேன் செய்த படங்கள். 3-ஆ 8-ஆ என்று கண்ணைச் சுருக்க வேண்டும். ஊர்ப்பெயர் கிடையாது, பூத் எண் மட்டும். வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியாக எடுத்து எண்ணுக்கு ஊரைப் பொருத்த வேண்டும். அதிலும் அந்தந்த ஆண்டின் பட்டியலையே எடுக்க வேண்டும். 2021-ல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கான வாக்காளர் எண்ணிக்கையைக் குறைத்து பூத்களைப் பெருக்கினார்கள். பிறகு 2025-ல் உச்சவரம்பை 1,200 ஆக்கினார்கள். 2016-ன் 112-ம் எண்ணும் 2021-ன் 112-ம் எண்ணும் வேறு வேறு ஊராக இருக்கலாம். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு "இந்த ஊர் கைவிட்டது" என்று எழுதுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

சரியான வழி இது. இரண்டு ஆண்டுத் தாளையும் பட்டியலையும் எடுத்து, பள்ளிக் கட்டடத்தின் பெயரையும் தெருக்களையும் வைத்து ஊராட்சிவாரியாகக் கூட்டுங்கள். துணைப் பூத்களை (ஒரு பூத்தைப் பிரித்து உருவாக்கியவை) தாய்ப் பூத்தோடு சேருங்கள். எல்லா வேட்பாளரையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை: முதல் மூவர், நோட்டா, மொத்தம் போதும். ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் பிழை குறையும். அடித்து முடித்ததும் பத்தியின் கூட்டல் தாளின் அடியில் உள்ள மொத்தத்தோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் எங்கோ 3 எட்டாகியிருக்கிறது. பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சதவீதம் பாருங்கள். மூன்றாம் வேட்பாளர் முந்தைய தேர்தலில் எவ்வளவு பிரித்தார் என்பதையும் தனியாக வையுங்கள். ஆளை ஊர் வெறுத்ததா, ஓட்டு பிரிந்ததா என்பதை அதுதான் பிரித்துக் காட்டும். மக்களவை என்றால் ஆறு சட்டமன்றப் பகுதிக்கும் ஆறு தனித் தாள்.

வாக்கு எண்ணும் சுற்றோடு பொருத்த வேண்டுமானால், வழக்கமாக ஒரு சுற்றுக்கு 14 மேசை, மேசைக்கு ஒரு பூத். எடுத்துக்காட்டாக, 19-வது சுற்று ஏறக்குறைய 253-ம் பூத்தில் தொடங்கும். மேசை எண்ணிக்கை மாறிய தொகுதிக்கு இந்தக் கணக்கு உதவாது.

பி.ஆர்.எஸ்.

முன்னாள் எம்.பி.யின் வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், தேசிய சராசரியோடு சேர்ந்து வரும். தோற்றாலும் பழைய பக்கம் அழியாது. அமைச்சராக இருந்த காலத்துக்கு ஒன்றும் இருக்காது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தைச் சோம்பலாகப் படித்துவிடாதீர்கள்.

நேரம், புகார்

பத்திரம் தாக்கலான 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ஏற வேண்டும், தேர்தல் நடத்தும் அதிகாரியின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கும். வாபஸ் தேதிக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் சட்டப்படி உண்டு. படிவம் 20 வேலையை அதற்குள் தொடங்கினால் முடியாது. அது தேர்தல் அறிவிக்கும் முன்பே செய்து வைக்க வேண்டியது. ஆணையத்தின் தகுதிநீக்கப் பட்டியலையும் முன்கூட்டியே பாருங்கள். முடிவு வந்த 30 நாளில் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 10ஏ-யின்படி மூன்று வருடம் தகுதிநீக்கம் வரலாம். தோற்ற அலுப்பில் கணக்கைக் கொடுக்காமல் விட்டவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் நிறைய.

பத்திரத்தில் பொய் கண்டுபிடித்தால், எதிர்ப் பிரமாணப் பத்திரம் யாரும் கொடுக்கலாம். அதையும் தளத்தில் ஏற்றுவார்கள். எதிரணி ஆட்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாதி ஆராய்ச்சி அதிலேயே கிடைக்கும், எழுதியவர் எந்தக் கட்சி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் தகவல் பொய் என்ற காரணத்துக்காக மனுவைத் தள்ளும் அதிகாரம் தேர்தல் நடத்தும் அதிகாரிக்கு இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 125ஏ-யின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பது நீதிமன்றத்தின் வேலை. வென்றவர் என்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம், வேட்பாளரோ அந்தத் தொகுதி வாக்காளரோ.